இன்னும் இறங்கும்

என்னைக் கேட்டால், 'இறங்கும்' என்ற சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துவிடலாம். அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியவர்கள் குதித்துக்கொள்ளட்டும். காய்ச்சல்காரர்களுக்குக் காய்ச்சல் இறங்காமல் சும்மா குறையட்டும். என் வீட்டுக்குள் அந்தச் சொல் இனி நுழையக் கூடாது. வீடே இல்லை, அப்புறம் வீட்டுக்குள் எங்கே நுழைவது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் கணவர் லிஃப்ட் மாட்டுகிறவர். புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில், சுவர் பூசும் முன்பே, மேலிருந்து கீழ்வரை வெறும் குழியாக நிற்குமே ஓர் இடம், அதற்குள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்டவாளம் பொருத்துவார். தூக்குக்குண்டு ஒரு மயிரிழை விலகினாலும் கழற்றி மறுபடி மாட்டுவார். கம்பெனியில் நல்ல பெயர். அவர் மாட்டிய லிஃப்டில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது என்பார்கள். அந்த நிதானம் குழிக்குள் சரி. வெளியே வந்த பிறகும் அதைக் கழற்றி வைக்க மாட்டேன் என்றால், கூட வாழ்கிறவள் என்ன செய்வாள்?

பழைய ஃபிரிட்ஜ் செத்தபோது, "தள்ளுபடி வரும், பொறு" என்றார். இரண்டு கோடைக்காலம் வீட்டில் பால் திரிந்தது. தள்ளுபடி வந்தது. அடுத்த தள்ளுபடியில் இன்னும் இறங்கும் என்றார். கடைசியில் என் தம்பி பார்த்துப் பொறுக்காமல் ஒன்று வாங்கி இறக்கிவிட்டுப் போனான். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லவே இந்த மனிதர் ஒரு வருடம் யோசித்தார். அதற்குள் எனக்கு வேறு இடம் அமையாமல் போனது என் நேரம். குழந்தை விஷயத்திலும், "கொஞ்சம் நிலைச்சுக்கலாம், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

நான் துணி ஆல்டரேஷன் செய்கிறவள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, வளர்கிற பிள்ளைகளின் சீருடையை இறக்கித் தைப்பது. நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலுக்குக் கீழே மெஷின், அதன் பக்கத்தில் வெட்டுமேசை, மூலையில் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு திரை, ஆளுயரக் கண்ணாடி. ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பையை ஜன்னல் வழியாகவே நீட்டுவார்கள். மாலையில் வீடு திரும்பும்போது அதே ஜன்னலில் வாங்கிப்போவார்கள். எனக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்த ஜன்னல்தான் பலகை. நாலு தெரு தள்ளிப் போனால் நான் யாரோ, என் மெஷின் யாரோ. பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஜன்னல் எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

ஊரில் வீட்டு விலை சரிய ஆரம்பித்திருந்த நேரம். ஒருநாள் வீட்டுக்காரம்மா ஒரு ஸ்வெட்டரோடு வந்தார். ஜிப் போய்விட்டது என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வாடகையைக் கூட முகம் கோணாமல் கேட்கிற மனுஷி. ஜிப்பை நான் பிரித்துக்கொண்டிருக்கும்போது, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்.

"வீட்டை விக்கப் போறேன்மா. என் பையன் தொழில் படுத்துடுச்சு. கடன்காரன் வாசல்ல நிக்கிறான். வெளிய இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்குத்தான் முதல்ல."

விலையும் சொன்னார். என் கை ஜிப்பை விட்டுவிட்டது. எங்கள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிவிடலாம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஜிப்புக்கு அவரிடம் காசு வாங்கவில்லை.

அன்று மாலை இவர் வந்து, கிரீஸ் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு சொன்னாங்க?"

சொன்னேன்.

டீயை ஒரு மிடறு குடித்தார். சிரித்தார். "இறங்கும்," என்றார்.

"என்ன இறங்கும்?"

"விலைதான். இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு. பொறுத்தார் பூமி ஆள்வார்."

"எனக்குப் பூமியெல்லாம் வேணாங்க. ரெண்டு ரூமும் ஒரு ஜன்னலும் போதும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆண்களிடம் நான் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். பேன்ட்டை எந்த அளவில் குறைக்க வேண்டும் என்று கூடத் தெரியாமல் நிற்பவர்கள் அவர்கள்.

எனக்கே வாங்கிவிட வழியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன். ஆனால் வங்கிக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். நான் மாதாமாதம் சம்பாதிப்பது அவர்கள் கண்ணுக்குப் பணமே இல்லை. ஜன்னல் வழியாக வரும் காசுக்கு யார் சீட்டுத் தருவார்கள்? ஆகவே என் வீட்டுக்கு இவர் கையெழுத்துத்தான் சாவி. அந்தச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

இவர் சொந்த மூளையை மட்டும் நம்பியிருந்தாலாவது திருத்தியிருப்பேன். ஃபோனில் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். எல்லாரும் வீடு வாங்கக் காத்திருப்பவர்கள். அதை நடத்துகிற ஆள் தினமும் காலையில் வளைந்து வளைந்து கீழே போகும் ஒரு கோட்டைப் போட்டு, "இன்னும் அடி தெரியவில்லை நண்பர்களே, பொறுமை" என்று எழுதுவார். அவருக்கு நான் ஜோசியர் என்று பெயர் வைத்தேன். ஜோசியருக்குச் சொந்த வீடு மூன்று இருக்கிறதாம். குழுவில் இவருக்குப் பட்டம் 'பொறுமைசாலி'. வீட்டில் யாரும் கொடுக்காத பட்டத்தை வெளியில் யாராவது கொடுத்தால் மனிதன் மயங்கத்தான் செய்வான்.

சில மாதம் கழித்து வீட்டுக்காரம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை தைக்க எதுவும் கொண்டு வரவில்லை. அவராகவே விலையைக் குறைத்துச் சொன்னார். அன்றும் இவரிடம் சொன்னேன். இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, சரி, ஒத்துக்கொண்டார் என்று ஒரு விநாடி ஏமாந்தேன்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? அவங்களே இறங்குறாங்க. இன்னும் இறங்குவாங்க."

"அவங்க கஷ்டத்துல இறங்குறாங்க."

"அதான் நானும் சொல்றேன். கஷ்டத்துல இருக்கிறவங்கதான் இறங்குவாங்க."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கெட்டவர் இல்லை, பாருங்கள். தெருவில் யாராவது விழுந்தால் முதலில் ஓடித் தூக்குகிறவர். ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது மட்டும் அதற்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை நடக்கக் கூட்டிப்போவார். நடை என்றால் நடை இல்லை. 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கும் வீடுகளை எண்ணிக்கொண்டு போவது. போன வாரத்தைவிட ஒரு பலகை கூடியிருந்தால் கால் தரையில் நிற்காது. அப்படி ஒரு ஞாயிறு, ஒரு வீட்டு வாசலில் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெத்தை, சைக்கிள், சுவரிலிருந்து பிடுங்கிய அலமாரி. ஜன்னலில் ஏறி நின்று ஒரு பெண் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பச்சைத் திரை, ஓரத்தில் மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்தது. நான் தைத்தது. இந்த வீட்டுக்குக் குடிவரும்போது, "அக்கா, சொந்த வீடு, பாத்துத் தைங்க" என்று சொல்லி வாங்கிப்போனவள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வங்கி எடுத்துக்கிச்சு போல," என்றார் இவர், மெதுவான குரலில். அப்பாடா, இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். "இந்தத் தெருவுல இன்னும் இறங்கும்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "யாருங்க இறங்குறது? கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க. அந்தப் பொண்ணு ஜன்னல்லேர்ந்து இறங்குறா. அவ புருஷன் வாசப்படி இறங்குறான். உங்க ஜோசியர் போடுற கோடு இதுதான்."

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பொறுமைசாலி பொண்டாட்டி எப்படி இருப்பான்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நடைக்கு நான் போகவில்லை. இவர் மட்டும் போனார்.

மூன்றாவது முறை வீட்டுக்காரம்மா வந்தபோது இவரும் வீட்டில் இருந்தார். வெட்டுமேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். தண்ணீர் கூட வேண்டாம் என்றார்.

"தம்பி, கடைசியா ஒரு விலை சொல்றேன். இதுக்குக் கீழ என்னால முடியாது. பையன் கடனை அடைச்சா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. பரவால்ல. இந்தப் பொண்ணு இந்த ரூமை விட்டுப் போகக் கூடாதுன்னு எனக்கு ஒரு ஆசை."

அவர் சொன்ன விலை, நான் தனியாக மெஷின் மிதிக்கும்போது நினைத்துப் பார்த்து, பேராசை என்று என்னையே திட்டிக்கொண்ட விலையைவிடக் குறைவு. மேசைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். இவர் காலை இழுத்துக்கொண்டு, ஃபோனை எடுத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. இப்ப நாம இங்க இருக்கோம். வருஷக் கடைசியில இங்க வந்துடும். அப்ப உங்க வீடு என்ன விலைக்குப் போகும்னு கணக்குப் போட்டே வெச்சிருக்கேன்."

வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனை வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"இந்த மாதிரி கோட்டை நான் நெறைய பாத்திருக்கேன் தம்பி. கட்டில்ல தொங்கும். காய்ச்சல் கோடு. அது இறங்குனா வீட்டு ஆளுங்க சந்தோஷப்படுவாங்க. குணமாகியும் இறங்கும். ஆளே சில்லிட்டும் இறங்கும். கோட்டைப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆளைத் தொட்டுப் பாக்கணும்."

இவருக்குப் புரியவில்லை. "அது வேறம்மா, இது மார்க்கெட்டு," என்று சிரித்தார்.

அவர் எழுந்தார். "நான் என்னால ஆன மட்டும் இறங்கி வந்துட்டேன். நீங்கதான் மேலயே நிக்கிறீங்க," என்றார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

அவர் படியைத் தாண்டும் வரை பொறுத்தேன். அப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் அச்சுக் கோப்பவர் வெட்கப்படுவார். ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பித்தேன், நான் பேசப்போவதில்லை என்று சொன்ன விஷயம் வரை போனேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும், "ரெண்டு மாசத்துல அவங்களே ஃபோன் பண்ணுவாங்க, பாரு" என்றார். அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று கரையிலேயே நின்ற ஆள் இவருக்கு மாமனோ சித்தப்பனோ.

மறுநாள் ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்காரம்மாவைத் தேடிப் போனேன். தெருவில் இரண்டு பேர் பையோடு நின்று, "என்னக்கா, லீவா?" என்றார்கள். நான் நிற்கவில்லை. அவர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, எதுவும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டார்.

"அவருக்காக வரலம்மா. எனக்காகக் கேக்கறேன். ஒரு வாரம் குடுங்க. அதே விலைக்கு நாங்க எடுத்துக்கறோம்."

"சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன்," என்றார். "உனக்காகத்தான். அதுக்கு மேல என் பையனுக்கு நேரமில்ல."

வீட்டுக்கு வந்து இவரிடம், "நாளைக்கு வங்கிக்கு வர்றீங்களா, இல்ல நான் என் தம்பி வீட்டுக்குப் போகட்டுமா" என்று கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கையில் பெரிய கத்தரி இருந்தது. துணி வெட்டத்தான் எடுத்திருந்தேன். "சரி, உன் இஷ்டம்," என்று தியாகி மாதிரி தலையாட்டினார்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி ஒரு சின்னப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. சிரித்த முகமாக உட்காரச் சொன்னாள். இவர் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"சார், நீங்க சர்வீஸா, இன்ஸ்டாலேஷனா?"

"இன்ஸ்டாலேஷன். புது லிஃப்ட் மாட்டுறது," என்றார் இவர், எப்போதும் சொல்லும் பெருமையோடு.

அவள் பேனாவை மூடினாள். அந்த மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"சர்வீஸ்னா பாக்கலாம் சார். பழைய லிஃப்ட் எப்பவும் ரிப்பேர் ஆகும். புது கட்டடமே எழும்பலியே. உங்க கம்பெனி ஆளுங்க போன வாரம்தான் வந்து தவணையைத் தள்ளிவைக்க முடியுமான்னு கேட்டாங்க. அரைச் சம்பளம் ஆக்கிட்டாங்களாமே. உங்களுக்குமா?"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தற்காலிகம்தான்," என்றார். "ரெண்டு சைட் திரும்ப ஆரம்பிச்சதும் சரியாயிடும். சர்வீஸுக்கு மாத்திக்கிறியான்னு போன வருஷம் கேட்டாங்க. அதுல சம்பளம் கம்மின்னு, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு..."

வாசலுக்கு வந்தோம். வங்கிப் படியில் நின்றுகொண்டே கேட்டேன்.

"எத்தனை நாளா அரைச் சம்பளம்?"

"போன மாசத்துலேர்ந்து. நீ கவலைப்படுவேன்னு சொல்லல."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க? சொல்லுங்க, எனக்கு மறந்துபோச்சு. கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டுறீங்க. கட்டடம் விக்காம படுக்கணும் படுக்கணும்னு வருஷம் முழுக்க வேண்டிக்கிட்டிருந்தீங்களே, அது படுத்தா லிஃப்டை எங்க மாட்டுவீங்க? ஆகாசத்துலயா? அடிமரத்தை வெட்டுனவனுக்குக்கூடத் தான் நுனியில உக்காந்திருக்கோம்னு கொஞ்சம் சந்தேகமாவது இருந்திருக்கும்!"

காவலுக்கு நின்றவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பாதிதான் இவர் மேல். மீதி அந்தச் சம்பளச் சீட்டு மேல், பேனா மூடி மேல், நாள் முழுக்க மெஷின் மிதித்தும் யார் கணக்கிலும் வராத என் கால்கள் மேல்.

சனிக்கிழமை போனது. அடுத்த வாரம், ஒருவர் கையில் அளவு டேப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கண்ணாடிக்கடை வைத்திருப்பவராம். கண்ணாடி என்றால் ஜன்னலுக்கும் கதவுக்கும் போடுவது. வீட்டை முழுப் பணமும் கொடுத்து முடித்துவிட்டாராம். மரியாதையான ஆள்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினார். இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பொறுமைசாலி நீங்கதானே? நானும் அந்தக் குரூப்லதான் இருக்கேன். எதுவும் எழுத மாட்டேன், படிக்க மட்டும் செய்வேன். உங்க மெசேஜைப் பாத்துதான் இந்த வீடே எனக்குத் தெரியும். ரொம்ப நன்றிண்ணே."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. வீட்டுக்காரம்மா கடைசி விலை சொல்லிவிட்டுப் போன அன்று, நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். தெருப் பெயர், பஸ் நிறுத்தம், விலை, எல்லாம் போட்டு, 'பாருங்கள், இவ்வளவு தூரம் இறக்கிவிட்டேன், இன்னும் இறங்கும்' என்று. ஜோசியர் கைதட்டினாராம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடுகிறது.

"அந்த விலைக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடுத்துட்டேன்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "அந்தம்மா பாவம். கேக்கவே மனசு வரல." பிறகு என் முன்னறைக்குள் வந்து ஜன்னலைப் பார்த்தார், எதிரே பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். "இந்தச் சுவரை எடுத்துட்டு முழுக்கக் கண்ணாடி போட்டா ஷோரூமுக்கு நல்லா இருக்கும். என்னக்கா சொல்றீங்க?"

நான் மெஷின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தேன். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் திண்டாடினார். இவர் போய்ப் பிடித்தார். லிஃப்ட்காரர் அல்லவா, அளவு துல்லியமாக வந்தது.

காலி செய்ய நேரம் கொடுத்தார். நான் வீடு பார்க்க அலைந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்பக்கத் தெருவில், சலவைக்கடை நடத்துகிற ஒரு அம்மா, கடையில் பாதியையும் பின்னால் ஓர் அறையையும் வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். துணி சலவைக்குக் கொடுக்க வருகிறவர்கள் அப்படியே கிழிசலையும் பிரிசலையும் என்னிடம் தரலாம். பழைய வாடிக்கையாளர்கள் பஸ்ஸுக்குப் போகிற வழியும் அதுதான். அங்கே ஜன்னல் கிடையாது. கதவு உண்டு. நான் பார்த்தவுடனே மெஷின் எங்கே நிற்கும் என்று மனத்தில் போட்டுவிட்டேன்.

முன்பணம் கொடுக்கப் போகும்போது இவரும் கூடவே வந்தார். வேலைக்கு வாரத்தில் பாதி நாள்தான், வீட்டில் என்ன செய்வார்? கடையில் சோப்புத்தூள் வாசனையும் இஸ்திரி ஆவியுமாக இருந்தது. இவர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டினார், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். பிறகு என் பக்கத்தில் வந்து, சலவைக்கடை அம்மாவுக்குக் கேட்காமல், காதோரமாகக் கிசுகிசுத்தார்.

"அவசரப்படாத. தெரு பூராவும் காலியா கிடக்கு. ரெண்டு மாசம் பொறு. வாடகையும் இறங்கும்."

கத்துவேன் என்றுதான் நானே எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இந்த மனிதரிடம் கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேர்தானே இருப்பீங்க?" சலவைக்கடை அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

"நான் ஒருத்திதாங்க," என்றேன். "இவர் வாடகை இறங்கினதும் வருவார்."

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். இவரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். நான் பையைத் திறந்து முன்பணத்தை எடுத்து அந்தம்மாவின் கையில் வைத்தேன். அவர் சாவிக்கொத்தை நீட்டினார். அதிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு, "ஒரு சாவி போதும்" என்றேன்.